மஞ்சப்பையில் ஆறு ஷாம்பூ: ஒரு நிகழ்வு ஆய்வு

மேசைமேல் மஞ்சப்பையைக் கவிழ்த்ததும் ஆறு பாட்டில்கள் உருண்டன. கீழே விழப்போன ஒன்றை அம்மா எட்டிப் பிடித்தார். "எல்லாம் பாதிப் பாதியா நிக்குது தம்பி. ஒண்ணும் கேக்கல" என்றார். மகள் வாயே திறக்கவில்லை. அந்த ஆறில் ஒன்று, 6 மாதம் முன்பு நான் எழுதிக் கொடுத்தது.

தோல் மருத்துவத்தில் ஷாம்பூ எழுதுவதை யாரும் பெரிய வைத்தியமாக நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை. மாத்திரை என்றால் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்கிறோம். களிம்பு என்றால் எங்கே, எவ்வளவு, எத்தனை நாள் என்று சொல்கிறோம். ஷாம்பூவுக்கு மட்டும் "வாரம் ரெண்டு தடவை" என்று எழுதிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுகிறோம். தலைக்குக் குளிக்கத் தெரியாதவர் யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பு. அந்த நினைப்பு என்னை எங்கே சறுக்கவிட்டது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நோயாளியின் சம்மதம் உண்டு. ஆள் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் வருகை

வயது 34. கரூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியை. இடுப்பைத் தாண்டும் கூந்தல். ஆகஸ்டில் வந்தார். மூன்று வருடமாகப் பொடுகு, அரிப்பு. மார்கழி, தையில் கூடும், பிறகு கொஞ்சம் தணியும். கறுப்பு ஜாக்கெட் போட்டால் தோளில் உப்புத் தூவியது போல் இருக்கிறது, பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றார். வீட்டில் வேறு யாருக்கும் தோல் நோய் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை.

நெற்றியோரத்திலும் வகிட்டிலும் பிசுபிசுப்பான மஞ்சள் செதில். புருவத்திலும் மூக்கோரத்திலும் லேசான சிவப்பு. இது செபோரிக் டெர்மடைட்டிஸ், பொடுகுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். பொடுகு தலையோடு நிற்கும். இவன் புருவம், காது மடல், மூக்கோரம் என்று எண்ணெய்ப் பசை உள்ள இடமெல்லாம் எட்டிப் பார்ப்பான். பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் 2% ஷாம்பூ, வாரம் இரு முறை, 4 வாரம் என்று எழுதினேன். மொத்தம் 4 நிமிடம் ஆகியிருக்கும்.

அன்றைக்கு நான் பின்னலை அவிழ்க்கச் சொல்லவில்லை. இறுகப் பின்னி மல்லிகை வைத்திருந்தார். அவருக்குப் பள்ளிக்கூட அவசரம், எனக்கு வெளியே காத்திருந்த கூட்டம். வகிட்டைப் பார்த்ததோடு சரி.

பையில் இருந்தவை

பிப்ரவரியில் திரும்பி வந்தபோது ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு கதை இருந்தது. என்னுடைய கீட்டோகோனசோலை 3 வாரம் போட்டிருக்கிறார். "முடி தேங்கா நார் மாதிரி ஆயிடுச்சு சார்." அதை நிறுத்தியதும் மருந்துக் கடைக்காரர் கீட்டோகோனசோலும் ஜிங்க் பைரித்தியோனும் சேர்ந்த ஒன்றைக் கொடுத்திருக்கிறார், "டபுள் பவர்" என்று. அது 10 நாள். பிறகு உடன் வேலை பார்க்கும் ஆசிரியை சொல்லி செலினியம் சல்ஃபைடு 2.5%. அது ஒரே நாள்தான். குளித்து முடித்துப் பார்த்தால் கையிலிருந்த வெள்ளி மோதிரம் கறுத்திருந்தது. உடம்பில் ஏதோ விஷம் ஏறிவிட்டது என்று பயந்துபோய் மூடி வைத்துவிட்டார். செலினியம் சல்ஃபைடு நகையைக் கறுக்க வைக்கும், கழற்றிவிட்டுக் குளிக்க வேண்டும் என்று பாட்டிலிலேயே எழுதியிருக்கும். அந்த எழுத்தைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும் என்பது வேறு விஷயம்.

நாலாவது, நிலக்கரித் தாரும் சாலிசிலிக் அமிலமும் கலந்தது. இன்னொரு மருத்துவர் எழுதியது. "ரோடு போடுற வாசனை சார், கிளாஸ்ல நிக்க முடியல." ஐந்தாவது, ஜனவரியில் முடி கொட்ட ஆரம்பித்ததும் வாங்கிய வெங்காய ஷாம்பூ. ஆறாவது, அவர் தன் மகளுக்கு வைத்திருந்த குழந்தை ஷாம்பூ. தலை எரிந்த நாட்களில் அதைப் போட்டுக்கொண்டாராம். ஆறு பேரில் அந்த நேரத்துக்குப் புத்திசாலித்தனமான தேர்வு அதுதான்.

இதெல்லாம் தனித்தனியாக நடந்திருந்தால் பெரிய சேதம் இல்லை. ஜனவரிக் கடைசியில் அவர் பொறுமை போய்விட்டது. ஒரே குளியலில் முதலில் தார், அடுத்து கீட்டோகோனசோல், கடைசியில் வெங்காயம். "எது கேக்குதோ அது கேக்கட்டும்னு போட்டேன்" என்றார். அந்த வார்த்தையில் இருந்த களைப்பு எனக்குப் புரிந்தது.

எப்படிக் குளிக்கிறீர்கள்?

ஆகஸ்டிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இப்போதுதான் கேட்டேன்.

செவ்வாயும் வெள்ளியும் தலைக்குக் குளிப்பார். பெண்களுக்குச் செவ்வாய் வெள்ளி, ஆண்களுக்குப் புதன் சனி என்ற வீட்டு வழக்கம். முதல்நாள் இரவே அம்மா தேங்காய் எண்ணெயைச் சூடு காட்டி மண்டையில் தேய்த்துவிடுவார். காலையில் 6 மில்லி ஷாம்பூவை மக்கில் ஊற்றி, தண்ணீர் விட்டுக் கலக்கி, நுரை பொங்கியதும் தலைவழியாக ஊற்றிக்கொள்வார். கூந்தலை மொத்தமாக முன்னால் இழுத்துத் துணி கசக்குவதுபோல் கசக்குவார். உடனே அலசிவிடுவார். 7.45-க்குப் பஸ். ஈரத்தலையோடு கொண்டை.

மக்கில் கலக்குவது நம் ஊரில் பாதிப் பேர் செய்வது. சாஷேயில் ஷாம்பூ விற்கலாம் என்று கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன் காட்டிய நாளிலிருந்து, ஒரு சாஷேயை எத்தனை தலைக்கு இழுக்கலாம் என்பதுதான் நம் வீட்டுக் கணக்கு. சாதாரண ஷாம்பூவுக்கு அதில் தப்பில்லை, அழுக்கு போய்விடும். மருந்து ஷாம்பூவுக்குக் கணக்கு வேறு. 6 மில்லியைக் கிட்டத்தட்ட 600 மில்லியாக்கினால் 2% என்பது 0.02% ஆகிவிடுகிறது. நூற்றில் ஒரு பங்கு. அதுவும் மண்டைக்குப் போகாமல் முடிக்குப் போகிறது, அங்கேயும் அரை நிமிடம்தான் நிற்கிறது. முதல்நாள் எண்ணெய் வேறு மண்டைமேல் ஒரு படலமாக இருக்கிறது. மூன்று வாரம் கீட்டோகோனசோல் போட்டேன் என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவருடைய மண்டைத்தோல் அந்த மருந்தைப் பார்க்கவே இல்லை. பார்த்தது முடிதான், அதனால்தான் அது நாராகியது. மருந்தின் கெடுதல் மட்டும் வந்து சேர்ந்தது, பலன் வரவில்லை.

ஷாம்பூ என்ற சொல்லே இந்தியிலிருந்து போனது. சாம்ப்போ என்றால் அமுக்கு, பிடித்துவிடு என்று பொருள். முதலில் அது தலையைப் பிடித்துவிடுவதைத்தான் குறித்தது, நுரை பிற்பாடு வந்து சேர்ந்தது. மருந்து ஷாம்பூவுக்கு அந்தப் பழைய பொருள்தான் பொருந்தும்.

பின்னலை அவிழ்த்த பிறகு

பிடரிக்கு மேலே, 4 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெள்ளி நிறச் செதிலோடு தடித்த பட்டை. ஓரம் வரைந்ததுபோல் தெளிவாக இருந்தது. முடி முடியும் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை கழுத்துக்கு இறங்கியிருந்தது. செபோரிக் டெர்மடைட்டிஸ் இப்படி எல்லை கட்டாது. கையைக் காட்டச் சொன்னேன். இரண்டு நகங்களில் குண்டூசியால் குத்தியதுபோல் குழிகள். முழங்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சொரசொரப்பு. மேசையில் கையை ஊன்றித் திருத்துவதால் வந்த காய்ப்பு என்று நினைத்திருந்தார். மூட்டு வலி, காலையில் விரல் இறுக்கம் உண்டா என்று கேட்டேன். இல்லை. தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப்பில் பட்டையின்மேல் வரிசை வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். முன்னந்தலையில் கிளைவிட்ட ரத்தக் குழாய்கள். முன்னால் செபோரிக் டெர்மடைட்டிஸ், பின்னால் தோல் செல்கள் அவசரமாகப் பெருகித் தடிக்கும் சொரியாசிஸ். இரண்டும் ஒரே தலையில் குடியிருப்பது அபூர்வமில்லை. செபோசொரியாசிஸ் என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு.

காது மடலுக்குப் பின்னாலும் கழுத்தோரத்திலும் சிவந்து, வறண்டு, நுண்ணிய வெடிப்புகள். தொட்டால் எரிச்சல். இது நோயில்லை, அலசிய நுரை வழிந்த பாதை. மூன்று ஷாம்பூவை ஒரே குளியலில் அடுக்கியதன் கூலி.

நான்காவது, முடி உதிர்வு. பாலித்தீன் கவரில் போட்டு எடுத்து வந்திருந்தார். லேசாக இழுத்ததில் என் விரலோடு 8 முடி வந்தது. எல்லாவற்றின் நுனியிலும் வெள்ளையாக ஒரு குமிழ். ஓய்வுக் கட்டத்தை முடித்துக்கொண்டு தானாகக் கழன்ற முடி அது. நவம்பரில் உங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். மகள் யோசிப்பதற்குள் அம்மா சொன்னார்: "டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரில கெடந்தாளே."

பெரிய காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை போன்ற ஒரு உலுக்கல் வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் ஒரு பெரும்பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அங்கே இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்டுத்தான் உதிரும். அதனால் நவம்பர் காய்ச்சலுக்கு ஜனவரியில் முடி கொட்டும். அதற்குள் காய்ச்சல் மறந்துபோயிருக்கும். கையில் இருக்கும் ஷாம்பூ மாட்டிக்கொள்ளும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.6, உடம்பின் இரும்புச் சேமிப்பைச் சொல்லும் ஃபெரிட்டின் 14, இரண்டும் குறைவு. தைராய்டு சரியாக இருந்தது.

ஆக, ஒரு தலையில் நான்கு வழக்குகள். ஈஸ்ட் என்ற பூஞ்சையோடு சேர்ந்த செபோரிக் டெர்மடைட்டிஸ் ஒன்று, சொரியாசிஸ் ஒன்று, ஷாம்பூ எரிச்சல் ஒன்று, டெங்குவுக்குப் பிந்தைய உதிர்வு ஒன்று. அவர் நான்கையும் "பொடுகு" என்ற ஒரே பெயரில் எடுத்துக்கொண்டு, ஒரே பாட்டில் நான்கையும் தீர்க்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். 10 நாளில் தீராதபோது அடுத்த பாட்டில். நான் மட்டும் என்ன, ஒன்றே ஒன்றைத்தான் பார்த்தேன்.

எண்ணெய்ச் சண்டை

அம்மாவோடு அதிக நேரம் பேச வேண்டியிருந்தது இதற்குத்தான். "எண்ணெ இல்லாம காஞ்சு போய்த்தான் தம்பி பொடுகு வருது. எங்க காலத்துல எண்ணெயும் அரப்பும்தான்." பொடுகு என்றால் வறட்சி என்பது தமிழ்நாடு முழுக்க உள்ள நம்பிக்கை. செதில் உதிர்வதைப் பார்த்தால் வேறு எப்படித் தோன்றும்?

பிரெஞ்சுக்காரர் மலாசே 1874-லேயே பொடுகுச் செதிலில் ஈஸ்ட் செல்களைக் கவனித்து எழுதினார். அவர் பெயரால்தான் இன்று அது மலாசீசியா. எல்லார் தலையிலும் இருக்கிறது, உங்கள் தலையிலும் என் தலையிலும். 2007-ல் அதன் மரபணுத் தொகுப்பைப் படித்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. கொழுப்பு அமிலம் தயாரிக்கும் மரபணு அதனிடம் இல்லை. சொந்தமாகச் சமைக்கத் தெரியாத விருந்தாளி. மண்டையில் சுரக்கும் எண்ணெயை உடைத்து, தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தை எடுத்துக்கொண்டு, ஒலியிக் அமிலம் போன்றவற்றை மிச்சம் வைத்துவிட்டுப் போகும். அந்த மிச்சம் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. அங்கேதான் அரிப்பும் செதிலும். தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம், அதுவும் இந்த ஈஸ்டுக்கு ஆகும். ராத்திரி முழுக்க மண்டையில் எண்ணெயை ஊறவைப்பது விருந்தாளிக்குப் பந்தி போடுவதுதான்.

ஆனால் எண்ணெயை மொத்தமாகத் திட்டினால் அதுவும் நியாயமில்லை. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. இது ஆய்வில் தெரிந்த விஷயம். எனவே ஒப்பந்தம் இப்படி ஆயிற்று: காதுக்குக் கீழே உள்ள கூந்தலுக்கு எண்ணெய் உண்டு, குளிப்பதற்கு அரைமணி நேரம் முன்பு. மண்டைக்கு 6 வாரம் கிடையாது. அம்மா அரை மனதோடு தலையாட்டினார். அரப்பும் சீயக்காயும் அழுக்கை நன்றாகவே எடுக்கும், ஆனால் இந்த அளவுக்கு முற்றிய நோய்க்கு அவை போதாது என்றும் சொன்னேன். எலுமிச்சம்பழம் தேய்ப்பதை மட்டும் அடியோடு நிறுத்தச் சொன்னேன். வெடித்த தோலில் எலுமிச்சை, அப்புறம் என்ன ஆகும்?

யாருக்கு எந்த வேலை

மருந்து ஷாம்பூக்களைச் சேர்ப்பது என்றால் ஒரே மக்கில் கலப்பதும் இல்லை, ஒரே குளியலில் வரிசையாகப் போடுவதும் இல்லை. வேலையைப் பிரித்து, நாளையும் பிரித்துக் கொடுப்பது. கீட்டோகோனசோல், ஜிங்க் பைரித்தியோன், செலினியம் சல்ஃபைடு, சைக்ளோபிராக்ஸ் எல்லாம் ஈஸ்டை அடக்குகிறவை. செலினியம் கூடுதலாகச் செல் பெருக்கத்தையும் கொஞ்சம் மட்டுப்படுத்தும். சாலிசிலிக் அமிலம் ஈஸ்டைத் தேடிப் போகாது, செதிலை ஒட்டவைத்திருக்கும் பசையை இளக்கும். தார், தோல் செல்கள் அவசரமாகப் பெருகுவதை மெதுவாக்கும், அரிப்பையும் தணிக்கும். ஒரே வேலை செய்கிற இரண்டு பேரை ஒரே வாரத்தில் வைத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேறு வேறு வேலை செய்கிறவர்களை வேறு வேறு நாளில் வைக்கலாம். கடைக்காரரின் "டபுள் பவர்" கெட்ட மருந்து இல்லை, சாதாரணப் பொடுகுக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் அதில் இருக்கும் இருவருமே ஈஸ்டு ஆட்கள். பிடரியில் செதில் கோட்டை கட்டியிருக்கும்போது இரண்டு பேரும் வாசலிலேயே நிற்பார்கள்.

முதல் வாரம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். அந்தக் குழந்தை ஷாம்பூ மட்டும். கழுத்து, காதுப் புறத்துக்கு லேசான ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோன் 1% களிம்பு, 5 நாள். பட்டைக்கு மட்டும் வீரியமான ஸ்டீராய்டான குளோபெட்டசால் லோஷன், இரவில், 2 வாரம். இரும்புச் சத்து மாத்திரை. கர்ப்பம் இல்லை என்பதைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். தாரையும் சாலிசிலிக் அமிலத்தையும் நீண்ட நாள் எழுதும்போது கேட்க வேண்டிய கேள்வி அது.

இரண்டாம் வாரத்திலிருந்து செவ்வாய், வெள்ளி கீட்டோகோனசோல். அவருடைய வழக்கமான நாட்களே, அதை மாற்றவில்லை. ஞாயிறு மாலை தார்-சாலிசிலிக் ஷாம்பூ, பிடரிப் பட்டையில் மட்டும், 5 நிமிடம். ஞாயிறு மாலைக்குக் காரணம் இரண்டு. தார் பட்ட தோல் ஒரு நாள் வரை வெயிலுக்குக் கூசும், அவருக்கோ பட்டை கழுத்துக்கு இறங்கியிருக்கிறது. இரண்டாவது, திங்கள் காலைக்குள் ரோடு வாசனை போய்விடும். "வாரத்துக்கு மூணு தடவை தண்ணி ஊத்துனா சளி பிடிக்காதா?" என்றார் அம்மா. பட்டைக்கு மட்டும் என்பதால் ஞாயிறு முழுத்தலை நனைய வேண்டியதில்லை என்றதும் சமாதானமானார்.

போடும் முறையை இந்தத் தடவை வாயால் சொல்லவில்லை. எங்கள் சிஸ்டர் வால் சீப்பு எடுத்து வந்து செய்து காட்டினார். முதலில் சாதாரண ஷாம்பூவால் ஒரு முறை அலசி எண்ணெயையும் வியர்வையையும் எடுத்துவிட வேண்டும். பிறகு வகிடு வகிடாக எட்டுப் பத்துக் கோடு பிரித்து, ஒவ்வொரு கோட்டிலும் மருந்து ஷாம்பூவை நேராகத் தோலில் விட வேண்டும். ஹேர் டை கலக்குகிற மூக்கு வைத்த பாட்டிலில் ஊற்றிக்கொண்டால் சுலபம் என்பது சிஸ்டரின் யோசனை. என் 15 வருடத்தில் எனக்குத் தோன்றாதது. விரல் நுனியால் அமுக்கித் தேய்க்கலாம், நகத்தால் கூடாது. 5 நிமிடம் போனில் வைத்துவிட்டு, அந்த நேரத்தில் பல் தேய்க்கலாம். தலையைப் பின்னால் சாய்த்து அலச வேண்டும். பிறகு கண்டிஷனர், காதுக்குக் கீழே மட்டும். இவருக்குக் கூந்தல் நாராகாமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் இந்தக் கடைசி வரிதான். முதல் முறை அதை எழுதியிருந்தால் மூன்று வாரத்தில் மருந்தை நிறுத்தியிருக்க மாட்டார்.

இடையில் வந்த கேள்விகள்

அவருடைய தம்பி போனில் படித்துவிட்டு இரண்டு கேள்வி அனுப்பியிருந்தார். கீட்டோகோனசோல் ஈரலைக் கெடுக்குமாமே? கெடுக்கும், மாத்திரையாக விழுங்கினால். 2013-ல் ஐரோப்பிய மருந்து முகமை அந்த மாத்திரையைப் பூஞ்சை நோய்களுக்குத் தர வேண்டாம் என்றது, அமெரிக்காவும் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. ஷாம்பூவாகப் போட்டு அலசும்போது ரத்தத்துக்குப் போவது ஏறத்தாழ ஒன்றுமில்லை.

ஜிங்க் பைரித்தியோனை ஐரோப்பாவில் தடை செய்துவிட்டார்களாமே? உண்மை. 2022 மார்ச் 1 முதல் அங்கே அழகுசாதனப் பொருட்களில் அது கிடையாது. விலங்குச் சோதனைகளை வைத்து இனப்பெருக்கத்துக்குத் தீங்கானது என்ற வகையில் அதைச் சேர்த்ததால் அழகுசாதனச் சட்டத்தின் தடை தானாகப் பாய்ந்தது. அலசிவிடும் ஷாம்பூவில் 1% வரை பாதுகாப்பானது என்றுதான் அவர்களுடைய அறிவியல் குழுவே சொல்லியிருந்தது. நான் பயமுறுத்தவில்லை. ஆனால் இவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

கீட்டோகோனசோல் ஷாம்பூ முடியை வளர்க்கும் என்ற பேச்சும் உண்டு. 1998-ல் பெல்ஜியத்தில் வழுக்கை விழும் ஆண்களை வைத்துச் செய்த ஒரு சிறிய ஆய்விலிருந்து கிளம்பியது அது. டெங்குவுக்குப் பிறகு முடி கொட்டும் பெண்ணுக்கு அதைக் காட்டி நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு நடந்தது

இரண்டாம் வார முடிவில் எரிச்சல் அடங்கியிருந்தது, கழுத்து ஆறியிருந்தது. முறையாகப் போட்ட முதல் சில குளியலில் செதில் அதிகமாக உதிர்ந்தது, அது முன்பே சொல்லி வைத்ததுதான். ஒட்டியிருந்தது கழன்றால் உதிரத்தானே செய்யும். சொல்லாமல் விட்டிருந்தால் ஏழாவது பாட்டில் வாங்கியிருப்பார். நான்காம் வாரத்தில் அரிப்பு, பத்துக்கு எட்டு என்று சொன்னவர் இரண்டு என்றார்.

முடி உதிர்வு மட்டும் அசையவில்லை. அதில்தான் மனம் உடைந்துபோனார். ஆசிரியை அல்லவா, எண்ணி நோட்டில் எழுதி வந்திருந்தார். செவ்வாய் 310, வெள்ளி 225, மறுபடி செவ்வாய் 296. "செவ்வாய்க்கெழமைதான் சார் ரொம்பக் கொட்டுது. அன்னிக்கு மட்டும் தண்ணி மாறுதா?" அவர் ஊரில் போர்வெல் தண்ணீரும் காவிரித் தண்ணீரும் மாறி மாறி வரும். எல்லாரையும் போல உப்புத் தண்ணீரைச் சந்தேகப்பட்டார். நோட்டைத் திருப்பி அவரையே கணக்குப் போடச் சொன்னேன். வெள்ளியிலிருந்து செவ்வாய் வரை 4 நாள், செவ்வாயிலிருந்து வெள்ளி வரை 3 நாள். உதிர்ந்த முடி நீளக் கூந்தலில் பின்னலுக்குள்ளேயே சிக்கிக் கிடந்து, குளிக்கும் நாளில் மொத்தமாக வெளியே வரும். நாளுக்குச் சுமார் 75 முடி. நல்ல ஆரோக்கியத்திலேயே ஒருவருக்கு நாளுக்கு 100 வரை உதிரலாம். அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். இரண்டாவது தடவையாக என் அறைக்கு வந்ததிலிருந்து அன்றுதான் முதல் சிரிப்பு. சீப்பில் வருவது இந்தக் கணக்கில் இல்லை, எனவே உதிர்வு இன்னும் கூடுதல்தான் என்பதையும் சொல்லிவிட்டேன். அது தானாக நிற்கும், ஷாம்பூவால் நிற்காது, ஷாம்பூவால் வரவும் இல்லை.

ஆறாம் வாரத்தில் ஒரு சறுக்கல். சொந்தத்தில் கல்யாணம். கொண்டை போட்டால் பிடரி தெரியும் என்று வியாழக்கிழமை ராத்திரி தாரை முழுத்தலைக்கும் போட்டு, மறுநாள் காலையே கீட்டோகோனசோலும் போட்டிருக்கிறார். கல்யாண வீட்டில் தலை பிடித்து இழுத்ததுபோல் இறுகி எரிந்திருக்கிறது. மறுபடி ஒரு வாரம் குழந்தை ஷாம்பூ. திட்டவில்லை. கல்யாணத்துக்கு யார்தான் அப்படிச் செய்ய மாட்டார்கள்?

பத்தாம் வாரத்தில் முன்னந்தலை சுத்தம். கீட்டோகோனசோலை வாரம் ஒன்றாகக் குறைத்தோம். பட்டை மெலிந்து, செதில் இல்லாத சிவப்புத் தடமாக இருந்தது. செலினியம் சல்ஃபைடு பாட்டிலை எடுத்து வைத்திருக்கச் சொன்னேன். எப்போதாவது கீட்டோகோனசோல் கேட்காமல் போனால் அதற்குப் பதிலாக இது, மோதிரத்தைக் கழற்றிவிட்டு. இதுவரை தேவைப்படவில்லை. ஜூனில் நெற்றியோரம் முழுக்கக் குட்டி முடிகள் குத்திக்கொண்டு நின்றன. அவருக்கு அது அழகாக இல்லை, எனக்கு இருந்தது. ஃபெரிட்டின் 38.

அக்டோபரில் கடைசியாகப் பார்த்தபோது 10 நாளுக்கு ஒரு முறை கீட்டோகோனசோல், மாதம் இரு முறை பட்டைக்குத் தார். பரீட்சைத் தாள் திருத்தும் வாரங்களில் பட்டை மறுபடி தலைதூக்குகிறது, அப்போது வாரம் ஒன்றாக்கிக்கொள்கிறார். முழங்கைச் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. சொரியாசிஸ் போய்விடாது, அதோடு சமரசம் பேசிக்கொண்டே வாழ வேண்டியது என்பதை அவர் என்னைவிடச் சீக்கிரம் ஏற்றுக்கொண்டுவிட்டார். மற்ற பாட்டில்கள் என்ன ஆயின என்று கேட்டேன். வெங்காய ஷாம்பூவில் நாய்க்குட்டியைக் குளிப்பாட்டினார்களாம்.

கிளம்பும்போது வாசல்வரை போன அம்மா திரும்பி வந்தார். சேலை முந்தானையை விலக்கி முழங்கையைக் காட்டினார். வெள்ளிச் செதிலோடு தடித்த பட்டை. "இது இவ பொறந்ததுலேருந்து இருக்கு தம்பி. தரையில கை ஊனி ஊனி காச்சுப்போச்சுன்னு விட்டுட்டேன். இதையும் கொஞ்சம் பாருங்களேன்."

உட்காரச் சொல்லிவிட்டு, முதலில் அவருடைய கொண்டையை அவிழ்க்கச் சொன்னேன்.